கிணத்துக்காரி

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'கிணத்துக்காரிகள்'. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அதற்கு அட்மின் நான், பாஜிலா. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் கிணற்றில் குதிக்காத ஒரே ஆளும் நான்தான். இந்த இரண்டாவது சங்கதி இந்த வருஷம் வரை என்னைத் தவிர இன்னும் ஒருத்திக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி போகிற ரோட்டில் ஒரு எலுமிச்சைத் தோட்டம். வருஷா வருஷம் முழுப் பரீட்சை முடிந்ததும் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பத்து நாள் கோடை முகாம் நடக்கும். இது முப்பத்தெட்டாவது வருஷம். ஆரம்பித்தவர் முப்பிடாதியம்மாள் என்று ஒரு பி.டி. டீச்சர். அவரிடம் படித்த பிள்ளை ஒருத்தி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். மேலே நாலு பெண்கள் நின்றிருக்கிறார்கள், ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. ஆம்பளை யாராவது அகப்படுகிறானா என்று நாலு பேரும் நாலு பக்கம் ஓடியிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. மாமனார் தோட்டத்தையே முகாமாக்கி, அதிலிருந்த கிணற்றில் பிள்ளைகளை இறக்கிவிட்டார்.

பத்து நாளும் தோட்டத்துக்குள் ஆண் வாடையே கிடையாது. வேலியைச் சுற்றிப் படுதா கட்டிவிடுவார்கள். மோட்டார் போடுவதும் பெண்கள், அண்டாவில் சோறு வடிப்பதும் பெண்கள். அதனால்தான் எங்கள் வீடு மாதிரியான வீடுகளிலும் தைரியமாகப் பிள்ளைகளை அனுப்பினார்கள். சைக்கிள், கோலாட்டம், மேடைப் பேச்சு என்று என்னென்னவோ சொல்லித்தருவார்கள். அதெல்லாம் சும்மா. முகாம் என்றால் கிணறுதான்.

கடைசி நாளுக்குக் குதி நாள் என்று பெயர். கிணற்று மேட்டில் ஒவ்வொருத்தியாக நின்று தன் பெயரையும் தன்னைப் பெற்றவள் பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டுக் குதிக்க வேண்டும். குதித்தால் பெயர் நோட்டில் ஏறும். அப்புறம் அவள் ஆயுசுக்கும் கிணத்துக்காரி. எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தாலும், பிள்ளை பெற்றாலும், வேலை போனாலும், வீட்டுக்காரனோடு சண்டை வந்தாலும் அவளுக்கு முந்நூறு பேர் இருக்கிறார்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு ஆபரேஷன் ஆனபோது பதினொரு நாளும் என் வீட்டில் அடுப்பு பற்றவைக்க விடவில்லை, முறை வைத்து வந்தார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது நடந்தது இது. முதலில் நிற்பவள் பயப்படுவதைப் பின்னால் நிற்பவள் பார்க்கக் கூடாது என்று எங்களை மோட்டார் ரூமுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியாகத்தான் மேட்டுக்கு அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் தண்ணீரில் காவலுக்கோ மேட்டில் வேடிக்கை பார்க்கவோ ஆள் கிடையாது, டீச்சர் மட்டும் நோட்டோடு கீழே தண்ணீரை ஒட்டிய படியில் உட்கார்ந்திருப்பார். தெறிக்கும் என்று கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருப்பார். அவருக்குப் பெயர் கேட்கும், தண்ணீரில் ஒரு உருவம் விழுவது தெரியும், அவ்வளவுதான். நீச்சல் வந்துவிட்டதா என்று சோதிக்கிற வழக்கமும் அப்போது இல்லை, பத்து நாளும் படியைப் பிடித்துக் காலடித்தே நான் ஒப்பேற்றியிருந்தேன். எனக்கு முன்னால் குதித்தவள் வேல்விழி, என் பெஞ்சுக்காரி. குதித்துவிட்டுச் சொட்டச் சொட்ட ஏறி வந்தவள் மேட்டில் நான் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள்.

"ஓம் பேரை நான் சொல்லுதேன். நீ ஓடிப்போயி தொட்டியில முங்கிட்டு வா" என்றாள்.

அவள் மறுபடியும் போய் நின்று, "பாஜிலா, மகபூப் பீவி மகள்" என்று கத்தியதை நான் தொட்டித் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். சொட்டச் சொட்டப் போய்க் குதித்து முடித்தவர்களின் வரிசையில் சேர்ந்துகொண்டேன். டீச்சர் மேலே வந்து எல்லாரையும்போல என்னையும் கட்டிப்பிடித்தார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியாது. இருபத்தைந்தாம் வருஷ விழாவில் மைக்கைப் பிடித்து, காலுக்கடியில் ஒன்றுமே இல்லாத அந்த ஒரு நொடிதான் என்னை ஆளாக்கியது என்று பேசினேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று. பஹ்ரைனில் இருக்கும் ஒருத்தி அந்த வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டு எனக்கு போன் போட்டாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என்னை அட்மின் ஆக்கினார்கள்.

இதற்கெல்லாம் ஆப்பு என் மகள் ரூபத்தில் வந்தது. முபஷ்ஷிராவுக்குப் பதினாலு வயது. முகாமில் சேர அதுதான் கடைசி வயது. போன இரண்டு வருஷமும் மாட்டேன் என்று சொல்லி, கடையநல்லூரில் எங்கள் வீட்டிலேயே கிடந்தாள். இந்த வருஷம் தானாகவே வந்து கேட்டாள்.

"ம்மா, நீங்க தண்ணியில நிப்பீங்கல்லா? அப்பன்னா நான் போறேன்."

"நிக்காம? நீ போ" என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. பல வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முகாமில் ஒரு முறை உண்டு. கிணத்துக்காரியின் மகள் குதிக்கும்போது பெற்றவள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் இரண்டு அக்காமார் டியூபும் கயிறும் வைத்துக்கொண்டு காவலுக்குத் தண்ணீரிலேயே மிதப்பார்கள். தாய் இறங்கிவிட்டால் அந்த இரண்டு பேரும் ஏறி மேல்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். தாய் இருக்கும்போது வேறு கை பிள்ளைமேல் படக்கூடாது. பிள்ளை குதித்து, மேலே வந்து, தாயிடம் நீந்திப் போவாள். தாய் அவள் தலையைத் தொடுவாள். உடனே மேலே குலவைச் சத்தம் கிளம்பும். இதைப் பார்க்கத்தான் பெங்களூரில் இருந்தெல்லாம் லீவு போட்டு வருகிறார்கள்.

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்றைக்கே வேல்விழிக்கு போன் போட்டேன். அவள் மதுரையில் நர்ஸ்.

"வேலு, நான் என்னட்டி செய்ய?"

"உள்ளதச் சொல்லிரு. ஊருக்குச் சொல்லாண்டாம், பிள்ளகிட்டயாவது சொல்லிரு."

"அவ என்னைய நம்பில்லா போயிருக்கா."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்லுதேன்."

"நீ அன்னைக்கு எனக்காகக் குதிச்சிருக்கவே கூடாதுட்டி" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஆமா, ரெண்டாவது தடவ குதிச்சதுல காதுல தண்ணி போயி எனக்கு ஒரு மாசம் சீழ் வடிஞ்சுது. ஒனக்குக் கோவம் வேற வருதாக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் அவள் குதிக்க மாட்டாள். குதிக்காவிட்டால் நோட்டில் பெயர் ஏறாது. நான் திருட்டுத்தனமாக வாங்கி வைத்திருப்பது என் பிள்ளைக்கு நேர்வழியில் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில் முந்நூறு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நீச்சல் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். தென்காசிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்கு போன் செய்தால் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும்தான், அதற்குச் சொல்லித்தரும் அம்மாவும் ஊரில் இல்லை என்றார்கள். செல்போனில் வீடியோ போட்டுக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் அப்சல் வீடியோ காலில் வந்துவிட்டார். என்ன இப்படி மூச்சு வாங்குது, டாக்டர்கிட்ட காட்டினியா என்று கேட்டார். எக்சர்சைஸ் என்றேன். கேட்ட இடத்திலெல்லாம் ஒரு பொய் சொல்லும் ஆளாக ஆகிப்போனேன்.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தேன். தாய் வராவிட்டால் அடுத்த வருஷம் என்பார்கள். அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கிணறுதான் வந்து நின்றது. சோறு இறங்கவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் துஆ கேட்கக்கூட நாக்கு எழவில்லை. மழை பெய்யட்டும், கிணறு கலங்கட்டும், குதி நாளைத் தள்ளி வைக்கட்டும் என்றா கேட்பது? மழையோ நான் கேட்காமலே சித்திரையில் பெய்து முடித்திருந்தது. இந்த வருஷம் மூணு ஆள் தண்ணீர் கிடக்கிறது என்று குழுவில் ஒருத்தி சந்தோஷமாகப் படம் போட்டிருந்தாள். அட்மின் என்ற முறையில் நானும் அதற்கு ஒரு கைதட்டல் போட்டேன்.

எட்டாம் நாள் சாயந்திரம் மகளிடமிருந்து போன் வந்தது. முகாமில் இருக்கும் ஒரே போனை வரிசையில் நின்று வாங்கிப் பேசினாள்.

"ம்மா, கிணத்து அகலத்த நீந்திக் கடந்துட்டேன். பாஸ்னு சொல்லிட்டாங்க."

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "முங்கி எந்திரிக்கதெல்லாம் வருதா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்கல்லா" என்றாள்.

கொஞ்சுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிள்ளைக்கு நீச்சல் வந்துவிட்டது, இனி எனக்கு வேலையே இல்லை என்று கணக்குப் போட்டேன். படிக்குப் பக்கத்தில் சுவரோடு மோட்டார் குழாய் இறங்குகிறது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்க வேண்டியது. அவள் நீந்தி வருவாள். மறு கையால் தலையைத் தொட வேண்டியது. இரண்டு நிமிஷம். இருபத்தாறு வருஷம் ஓட்டியாயிற்று, இந்த இரண்டு நிமிஷத்தை ஓட்ட முடியாதா?

குதி நாள் காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. பழைய பிள்ளைகள் எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். பிரியாணி வேகிற வாசனை வந்தது. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து, "அட்மின் இன்னைக்கு இறங்குதாங்க" என்று கேலி பேசினார்கள். வேல்விழியும் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் சொல்லலையா நீ?"

"குழாயப் பிடிச்சுக்கிடுவேன்" என்றேன்.

வேறு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பொன்செல்வி அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். டீச்சரின் மருமகள் அவர். டீச்சர் காலமான பிறகு அவர்தான் முகாமை நடத்துகிறார், நோட்டும் அவர் கையில்தான் இருக்கும்.

நாற்பத்திரண்டு படி. கடைசி ஆறு படியில் பாசி பிடித்திருந்தது. தண்ணீர் முட்டுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தேன், அது ஈரத்தில் கனத்தது. காவலுக்கு இருந்த இரண்டு பேரில் ஒருத்தி அனு என்ற காலேஜ் பெண். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே டியூபைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மற்றவளோடு ஏறிப் போனாள். இனி தண்ணீரில் நான் மட்டும்தான்.

"படியில நிக்கக் கூடாது பாஜிலா. உள்ள போ" என்று பொன்செல்வி அக்கா நோட்டோடு படியில் உட்கார்ந்தபடி சொன்னார்.

குழாயைப் பிடித்தேன். காலைப் படியிலிருந்து எடுத்தேன். கீழே தரை இல்லை. இருபத்தைந்தாம் வருஷ விழாவில் நான் அளந்துவிட்டது எவ்வளவு பெரிய புளுகு என்று அந்த நேரம்தான் தெரிந்தது. அப்படி ஒரு நொடியில் யாரும் ஆளாக மாட்டார்கள். கையை மட்டும் விடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணாந்து பார்த்தால் மேட்டில் முபஷ்ஷிரா நின்றாள். கீழிருந்து பார்க்க அவள் பாதமும் மோவாயும்தான் தெரிந்தன. பெருவிரல் இரண்டும் மேட்டு விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன. கிணற்றுக்குள் மெல்லப் பேசினாலும் கேட்கும். பெயரைச் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தபோது அவள் தாழ்ந்த குரலில் என்னிடம் பேசினாள்.

"ம்மா, எனக்கு உள்ள போனா மேல வரத் தெரியல. நீங்கதான் வந்து தூக்கணும், என்ன?"

மேலே இருந்த பெண்கள் பாசமாகச் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்திருந்த அனு, எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு குனிந்து சொன்னாள்.

"அகலம் நீந்திருவா அக்கா. குதிச்சாத்தான் அவளுக்கு மேல வர மாட்டேங்கு. பத்தாம் படியிலருந்து குதிக்கச் சொல்லி ரெண்டு தடவ பாத்தோம், ரெண்டு தடவயும் நாங்க முங்கித்தான் தூக்கினோம். எங்க அம்மா இருப்பாங்கன்னு சொன்னா. கிணத்துக்காரி மகதானே, நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு பாஸ் போட்டுட்டோம்."

போனில் அவள் கொஞ்சவில்லை. முதல் நாளிலிருந்தே அவள் போட்டு வைத்திருந்த கணக்கு அதுதான். அவள் முங்கிப் போவாள், நான் முங்கித் தூக்குவேன். அவள் நீந்தி வருவாள், நான் தொடுவேன் என்பது என் கணக்கு. இரண்டு கணக்கும் அந்த மூணு ஆள் தண்ணீரில் வந்து நின்றன.

மேலே அவள் நெஞ்சு நிமிர மூச்சு இழுத்தாள். "முபஷ்ஷிரா" என்று ஆரம்பித்தாள்.

"குதிக்காதட்டி" என்று கத்தினேன். சுவர் நாலும் அதைத் திருப்பிக் கத்தின. "ஏட்டி, குதிக்காத. எனக்கு நீச்சல் தெரியாது. நான் குதிக்கவே இல்ல. ஒருநாளும் குதிச்சதில்ல."

அவள் கை இரண்டும் முன்னால் நீண்டபடி அப்படியே நின்றன. உடம்பு முன்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது. எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் நின்ற யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"என்ன சொல்லுத பாஜிலா?" என்றார் பொன்செல்வி அக்கா.

"நெசந்தான் அக்கா. அன்னைக்கு ரெண்டு தடவயும் குதிச்சது நான்" என்று மேலிருந்து வேல்விழி சொன்னாள். சொல்லிக்கொண்டே படியில் இறங்க ஆரம்பித்தாள்.

எண்பது பெண்களில் யாராவது திட்டியிருந்தால் தேவலை. பொன்செல்வி அக்கா நோட்டை மூடி மடியில் வைத்தார். "காவலுக்கு நின்ன பிள்ளைகள ஏறிப் போக விட்டேனே நான். ஒன்னைய நம்பி விட்டேனே" என்றார். என்னிடம் அல்ல, அவருக்கே சொல்லிக்கொண்டார். அனு முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் ஒருத்தி சொன்ன பொய்க்கு இத்தனை பேர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானம் அப்போது சின்னதாகத்தான் தெரிந்தது. பிள்ளை மேலே நிற்கிறாள், காய்ந்த சட்டையோடு நிற்கிறாள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவள் மேட்டில் இல்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. வேல்விழியை முந்திக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். என்னை விட்டுவிட்டு வெளியே நடந்து போயிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. கடைசிப் படிகளில் சுவரைப் பிடித்து மெதுவாக வந்து, இடுப்பளவு தண்ணீரில் என் பக்கத்தில் நின்றாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"நான் குதிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது.

"குழாய விட்டிருப்பேன்" என்றேன்.

"விட்டு?"

விட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுப் படிப்பக்கம் இழுத்தாள். கால் படியில் பட்டது. அப்போதும் என் வலது கை குழாயை விடவில்லை. விடச் சொல்லி மனசு சொல்கிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது. அவள் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"விடுங்கம்மா" என்றாள். "நான் படியிலதான நிக்கேன்."